நடுக்கடலில் மறியல்: திமிங்கல வேட்டையைத் தடுக்கப் போகிறவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

மனு கொடுப்பது, வழக்குப் போடுவது, கையெழுத்து இயக்கம் நடத்துவது எல்லாம் அதிகாரத்தில் இருப்பவரிடம் ‘இதை நிறுத்துங்கள்’ என்று கேட்கும் வழிகள். நேரடி நடவடிக்கை என்றால் கேட்பதை விட்டுவிட்டு, நடக்கிற வேலைக்குக் குறுக்கே தானே போய் நிற்பது. சாலை மறியலைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் கஷ்டமில்லை. திமிங்கல வேட்டையை எதிர்ப்பவர்கள் 1975 முதல் கடலில் செய்துவருவதும் ஒரு மறியல்தான். சாலையில் உட்கார்ந்தால் பேருந்து நிற்கும், அரை மணி நேரத்தில் போலீஸ் வரும், தாசில்தார் வந்து பேச்சுவார்த்தை நடத்துவார். அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலில் போலீஸும் இல்லை, தாசில்தாரும் இல்லை. எதிரே வரும் கப்பல் நின்றே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆனால் போலீஸ் இல்லாத இடம் என்பதால்தான் அங்கே மறியல் பலித்தது என்று நினைக்கிறேன். ஒரு நாட்டின் கடலோரக் காவல்படை வந்துவிடக்கூடிய இடங்களில் இதே முறை அவ்வளவாக எடுபடவில்லை. ஏன் என்று புரிய, வேட்டைக் கப்பல் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கவேண்டும். அதற்கு முன்னால் சட்டம்.

தடைதான் இருக்கிறதே?

இருக்கிறது, ஓட்டைகளோடு. 1946-ல் வாஷிங்டனில் கையெழுத்தான ஒப்பந்தத்தின் கீழ் சர்வதேசத் திமிங்கல ஆணையம் உருவானது. திமிங்கலத்தைக் காப்பதோடு வேட்டைத் தொழிலை ஒழுங்காக வளர்ப்பதும் அந்த ஒப்பந்தத்தின் நோக்கம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. வெடிமுனை வைத்த ஹார்பூன் ஈட்டியும் இயந்திரக் கப்பல்களும் வந்தபிறகு வேட்டை கண்மண் தெரியாமல் பெருகியிருந்தது. 1930-31 பருவத்தில் மட்டும் அண்டார்டிகா கடலில் ஏறத்தாழ 29,000 நீலத்திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டு முழுவதற்கும் எல்லா இனங்களையும் சேர்த்து ஆய்வாளர்கள் போட்ட கணக்கு சுமார் 29 லட்சம். இதில் சோவியத் யூனியன் கணக்கில் காட்டாமல் பிடித்தவை மட்டும் ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு மேல்.

1982-ல் ஆணையம் வணிக வேட்டையை நிறுத்திவைக்க வாக்களித்தது. 1985-86 பருவத்திலிருந்து அது அமலுக்கு வந்தது. ஆனால் ஒரு தீர்மானத்துக்கு முறைப்படி ஆட்சேபம் தெரிவித்த நாட்டை அந்தத் தீர்மானம் கட்டுப்படுத்தாது என்று ஒப்பந்தத்திலேயே விதி உண்டு. நார்வே அப்படி ஆட்சேபித்து, 1993-ல் மறுபடி வேட்டைக்கு இறங்கியது. ஐஸ்லாந்து 1992-ல் விலகி, 2002-ல் நிபந்தனையோடு திரும்பி வந்து, 2006-ல் ஆரம்பித்தது. ஜப்பான் பிடித்த வழி வேறு. அறிவியல் ஆய்வுக்காகத் திமிங்கலத்தைக் கொல்ல ஒரு நாடு தன் ஆட்களுக்குத் தானே அனுமதி கொடுத்துக்கொள்ளலாம் என்கிறது ஒப்பந்தத்தின் 8-ஆவது பிரிவு. 1987 முதல் ஜப்பான் அந்த அனுமதியோடு அண்டார்டிகாவுக்குக் கப்பல்களை அனுப்பிவந்தது. ஆய்வு முடிந்ததும் இறைச்சி சந்தைக்குப் போனது. அதையும் ஒப்பந்தம் தடுக்கவில்லை.

1994-ல் தென்பெருங்கடல் திமிங்கலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. (நம் இந்தியப் பெருங்கடல் அதற்கு முன்பே, 1979-ல், செஷல்ஸ் நாட்டின் முன்மொழிவால் சரணாலயம் ஆகிவிட்டது.) அறிவித்தார்களே தவிர, ரோந்து போக யாரும் இல்லை.

முதல் மறியல்

1975 ஜூன் 27. கலிபோர்னியாவுக்கு மேற்கே பசிபிக் கடலில் ‘டால்னி வொஸ்தோக்’ என்ற சோவியத் தாய்க்கப்பலும் அதன் வேட்டைக் கப்பல்களும் எண்ணெய்த் திமிங்கலங்களைத் துரத்திக்கொண்டிருந்தன. கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் ஆட்கள் ‘ஃபிலிஸ் கார்மாக்’ என்ற வாடகை மீன்பிடிப் படகில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அவ்வளவு பெரிய கடலில் சோவியத் கப்பல்கள் எங்கே இருக்கும் என்று எப்படித் தெரிந்தது? குழுவைச் சேர்ந்த திமிங்கல ஆய்வாளர் பால் ஸ்பாங், நார்வேயின் சாண்டஃப்யோர்டில் வேட்டைப் புள்ளிவிவரங்களைச் சேர்த்துவைத்திருந்த அலுவலகத்துக்குப் போய், முந்தைய ஆண்டுகளில் அந்தக் கப்பல்கள் எந்த மாதம் எங்கே வேட்டையாடின என்ற பதிவுகளை எடுத்துவந்திருந்தார். இந்தப் போராட்டத்தில் பாதி வேலை இப்படித்தான், காகிதத்திலும் வரைபடத்திலும் நடக்கும்.

கடலில் இறக்கிய காற்றடைத்த ரப்பர் படகுகள் திமிங்கலத்துக்கும் வேட்டைக் கப்பலின் பீரங்கிக்கும் நடுவே போய் நின்றன. மனிதர்கள் குறுக்கே இருந்தால் சுடமாட்டார்கள் என்பது அவர்கள் போட்ட கணக்கு. சுட்டார்கள். ஹார்பூன் ரப்பர் படகுக்கு மேலாகப் பறந்து திமிங்கலத்தில் பாய்ந்தது. அதோடு கட்டிய இரும்பு வடம் படகுக்குப் பக்கத்திலேயே தண்ணீரில் வந்து அறைந்தது. திமிங்கலத்தைக் காப்பாற்ற முடியவில்லை, ஆனால் அந்தக் காட்சி முழுவதும் கேமராவில் பதிவாகியிருந்தது.

சில நாட்களில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் அது ஓடியது. திமிங்கல வேட்டை என்றால் பழைய கதைப் புத்தக ஓவியம்தான் என்று நினைத்திருந்தவர்கள், இரும்புக் கப்பல் ஒன்று பீரங்கியால் சுடுவதை முதல்முறையாகப் பார்த்தார்கள். அந்தப் பயணத்தில் இருந்த பத்திரிகையாளர் ராபர்ட் ஹண்டர் இத்தகைய படங்களை மனத்துக்குள் வெடிக்கும் குண்டுகள் என்று சொல்வார். கடலில் மறிப்பது ஒரு வேலை, அதைக் கரையில் இருப்பவர்களுக்குக் காட்டுவது இன்னொரு வேலை. கிரீன்பீஸ் இரண்டாவதைத்தான் முக்கியமாக நினைத்தது. யாரையும் தொடக்கூடாது, எதையும் உடைக்கக்கூடாது, நேரில் நின்று சாட்சியாக இருப்பதே போதும் என்பது அவர்கள் நெறி.

அதே பயணத்தில் இருந்த பால் வாட்சனுக்கு இது போதவில்லை. 1977-ல் அவர் கிரீன்பீஸிலிருந்து வெளியே வந்தார். பின்னால் சீ ஷெப்பர்ட் என்று அறியப்பட்ட அமைப்பைத் தொடங்கினார். ஆட்களுக்குக் காயம் படக்கூடாது, ஆனால் வேட்டைக் கருவிகளை முடக்கலாம் என்பது அவர் வகுத்த கோடு. 1979-ல் போர்ச்சுகல் கரைக்கு அருகே ‘சியர்ரா’ என்ற வேட்டைக் கப்பலை அவருடைய கப்பல் வேண்டுமென்றே மோதிச் சேதப்படுத்தியது. எந்த விதிக்கும் கட்டுப்படாமல் அட்லாண்டிக்கில் வேட்டையாடிய கப்பல் அது. 1986 நவம்பரில் இரண்டு ஆர்வலர்கள் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் துறைமுகத்தில் ‘ஹ்வாலுர் 6’, ‘ஹ்வாலுர் 7’ என்ற இரு வேட்டைக் கப்பல்களைத் தண்ணீர் புகவிட்டு மூழ்கடித்தார்கள். யாருக்கும் அடிபடவில்லை. 1988-ல் வாட்சன் தானே ஐஸ்லாந்துக்குப் போய், முடிந்தால் வழக்குப் போடுங்கள் என்று நின்றார். வழக்குப் போடாமல் நாடு கடத்தி அனுப்பிவிட்டார்கள்.

இந்தக் கதைகளை வீரசாகசமாகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. கடலில் ஒரு கப்பல்மீது இன்னொரு கப்பல் மோதும்போது உள்ளே யார் எந்த அறையில் தூங்குகிறார்கள் என்று மோதுகிறவருக்குத் தெரியாது. யாரும் சாகவில்லை என்பதில் திட்டத்தோடு அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. உடைப்பதால் கிடைத்த பலனும் குறைவு. அண்டார்டிகாவில் பின்னால் பலித்தது வேறொரு உத்தி.

தாய்க்கப்பலின் வால்

ஜப்பானின் அண்டார்டிகா வேட்டை ஒரு கப்பலால் நடந்ததில்லை. நடுவில் ‘நிஷின் மாரு’ என்ற 8,000 டன் தாய்க்கப்பல். அது கடலில் மிதக்கும் இறைச்சித் தொழிற்சாலை. அதைச் சுற்றி ‘யூஷின் மாரு’ என்ற பெயர் கொண்ட வேகமான வேட்டைக் கப்பல்கள். வேட்டைக் கப்பல்தான் மிங்கி என்ற சிறிய வகைத் திமிங்கலத்தைத் துரத்திச் சுடும். ஆனால் அதை அறுக்கவோ குளிரூட்டி வைக்கவோ அதில் இடம் இல்லை. செத்த திமிங்கலத்தைப் பக்கவாட்டில் கட்டி இழுத்துக்கொண்டு தாய்க்கப்பலின் பின்பக்கம் வரவேண்டும். அங்கே, கப்பலின் வால் பகுதியில், தண்ணீர் மட்டத்திலிருந்து மேல்தளம் வரை ஒரு சரிவுப் பாதை இருந்தது. வடத்தைக் கட்டித் திமிங்கலத்தை அந்தச் சரிவு வழியாக மேலே இழுத்துவிட்டால், தளத்தில் நீண்ட கத்திகளோடு காத்திருப்பவர்கள் வேலையை ஆரம்பித்துவிடுவார்கள்.

எத்தனை வேட்டைக் கப்பல் இருந்தாலும் எல்லாத் திமிங்கலமும் அந்த ஒரே சரிவு வழியாகத்தான் ஏறியாக வேண்டும். பல ஆண்டுகள் பீரங்கிகளைத் துரத்திக்கொண்டிருந்த சீ ஷெப்பர்ட், கடைசியில் அந்த வாசலைப் பிடித்துக்கொண்டது. தாய்க்கப்பலைக் கண்டுபிடி, அதன் வாலுக்கு நேர் பின்னால் உன் கப்பலைக் கொண்டுபோய் வை, இரவும் பகலும் அங்கேயே ஒட்டிக்கொள். வேட்டைக் கப்பல் திமிங்கலத்தைக் கொன்றாலும் ஏற்ற வழியில்லை. ஏற்ற முடியாததைக் கொன்று பயனில்லை. ஆகவே வேட்டை தானாக நின்றுவிடும்.

இதில் அதிகம் பயன்பட்ட கப்பல்களில் ஒன்று ‘பாப் பார்க்கர்’. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் பாப் பார்க்கர் கொடுத்த 50 லட்சம் டாலரில் வாங்கியது. 1950-ல் நார்வேயில் கட்டப்பட்டபோது அதுவே ஒரு வேட்டைக் கப்பலாகத்தான் இருந்தது.

தொலைக்காட்சியில் அதிகம் காட்டப்பட்டவை வேறு. நாற்றமடிக்கும் அமிலம் நிரப்பிய பாட்டில்களைத் தளத்தில் வீசுவது, சுழலியில் சிக்கும்படி கயிறு போடுவது, எதிர்த்தரப்பு நீர்ப்பீரங்கியும் காதைக் கிழிக்கும் ஒலிக்கருவியும் கொண்டு பதில் கொடுப்பது. பார்க்கப் பரபரப்பாக இருக்கும். உண்மையில் வேட்டையை நிறுத்தியது, ஒரு கப்பல் இன்னொன்றின் பின்னால் நாள்கணக்கில் சும்மா ஒட்டிக்கொண்டு போன காட்சிதான். அதை யாரும் விரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

சரி, வாலைப் பிடிக்க வேண்டும் என்றால் முதலில் கப்பலைக் கண்டுபிடிக்க வேண்டுமே? பயணத் திட்டத்தின் பெரும்பகுதி இதற்குத்தான். வேட்டைப் பருவம் டிசம்பர் முதல் மார்ச் வரை. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட், மெல்பர்ன் போன்ற துறைமுகங்களில் எரிபொருளும் சாப்பாடும் நிரப்பிக்கொண்டு தெற்கே இறங்கினால், கிளம்பிய நிமிடத்திலிருந்து எரிபொருள் கரைய ஆரம்பிக்கும். தேடலுக்கு ஹெலிகாப்டர் உதவும், காற்று அடித்தால் அதுவும் பறக்காது. ஜப்பான் தரப்பும் சும்மா இருக்கவில்லை. ‘ஷோனன் மாரு 2’ போன்ற கப்பல்களைப் போராட்டக் கப்பலின் பின்னாலேயே அனுப்பி, அது எங்கே இருக்கிறது என்று தாய்க்கப்பலுக்குத் தகவல் கொடுத்துக்கொண்டே இருந்தது. ஒருவர் இன்னொருவரைத் தேட, மற்றவர் தேடுபவரையே பின்தொடர, வாரங்கள் போகும். இரு தரப்புக்கும் எரிபொருளும் நாட்களும்தான் முதல். ஒரு நாள் வேட்டை நடக்கவில்லை என்றால் அந்த நாள் திரும்பி வராது.

2011 பிப்ரவரியில் இது முழுதாகப் பலித்தது. வால் பிடிபட்ட நிலையில், ஊழியர் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஜப்பான் அரசு பருவம் முடியும் முன்பே கப்பல்களைத் திருப்பி அழைத்தது. ஆண்டு இலக்கு 850-ஐ ஒட்டி இருக்க, அந்தப் பருவத்தில் பிடித்தவை 172. 2012-13-ல் எரிபொருள் கப்பலிலிருந்து தாய்க்கப்பல் எண்ணெய் நிரப்பிக்கொள்வதையே மறித்தார்கள். ‘நிஷின் மாரு’வும் போராட்டக் கப்பல்களும் எண்ணெய்க் கப்பலும் ஒன்றோடொன்று உரசி மோதின. அண்டார்டிகா கடலில் எண்ணெய் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் அடிவயிறு கலங்குகிறது. அந்தப் பருவத்தில் பிடிபட்டவை 103 மிங்கி.

கொடி, கொள்ளை, கைது

நடுக்கடலில் ஒரு கப்பலுக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும்? அது எந்த நாட்டில் பதிவாகி அந்த நாட்டுக் கொடியைப் பறக்கவிடுகிறதோ, அந்த நாட்டுச் சட்டம். எனவே போராட்டக்காரர்களுக்குக் கப்பலைவிடக் கொடி முக்கியம். பதிவு ரத்தானால் கப்பல் அனாதை, எந்தத் துறைமுகமும் பிடித்து நிறுத்தலாம். வேட்டை நாடு அடிக்கடி கை வைப்பதும் இங்கேதான்: கொடி கொடுத்த நாட்டுக்குத் தூதரகம் வழியாக அழுத்தம். சீ ஷெப்பர்டின் ‘ஸ்டீவ் இர்வின்’ நெதர்லாந்துக் கொடியோடு போனது. நெதர்லாந்து அரசுக்கு இதனால் தலைவலி தீரவே இல்லை.

2010-ஐ மட்டும் எடுத்துப் பார்த்தால் சட்டம் எவ்வளவு குழம்பிக் கிடந்தது என்று தெரியும். ஜனவரி 6 அன்று ‘ஷோனன் மாரு 2’ மோதி, ‘ஏடி கில்’ என்ற நியூசிலாந்துப் பதிவுப் படகின் முன்பகுதி பிய்ந்து போனது. உள்ளே இருந்த 6 பேரும் பிழைத்தார்கள். விசாரித்த நியூசிலாந்து கடல்சார் அமைப்பு இரு தரப்பு மேலும் தவறு உண்டு என்றது. பிப்ரவரியில் அந்தப் படகின் கேப்டன் பீட் பெத்தூன், ஜெட் ஸ்கீயில் போய் அதே ‘ஷோனன் மாரு 2’வில் ஏறி, அதன் கேப்டனைக் குடிமகன் என்ற உரிமையில் கைது செய்யவும் படகுக்கு நஷ்டஈடு கேட்கவும் போனார். கப்பல் அவரை அப்படியே டோக்கியோவுக்குக் கொண்டுபோனது. அங்கே அவர்தான் கைதானார், இரண்டாண்டு சிறைத்தண்டனை விதித்து நிறுத்திவைத்தார்கள். மார்ச்சில் ஹோபார்ட்டுக்குத் திரும்பிய போராட்டக் கப்பல்களை ஆஸ்திரேலியப் போலீஸ் சோதனை போட்டது. மே மாதம் அதே ஆஸ்திரேலியா, ஜப்பானின் வேட்டையை எதிர்த்து சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது!

இவர்கள் கடற்கொள்ளையரா என்ற கேள்வியும் உண்டு. ஐ.நா. கடல் சட்டம் கடற்கொள்ளையைச் சொந்த நோக்கத்துக்காகச் செய்யும் வன்முறை என்று வரையறுக்கிறது. பணத்துக்காகச் செய்யாதது எப்படிக் கொள்ளையாகும் என்று ஆர்வலர்கள் கேட்டார்கள். 2013-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, அரசு சார்பில் அல்லாமல் செய்வது எல்லாமே சொந்த நோக்கம்தான், கொள்கைக்காகச் செய்தாலும் சரி என்று தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி அந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஆனால் சரணாலயத்தில் வேட்டையாடுபவர் சட்டத்துக்கு உட்பட்டவர், குறுக்கே நிற்பவர் கொள்ளையர் என்று வந்து முடியும்போது எங்கோ இடிக்கிறது.

அப்புறம் என்ன ஆனது?

2014 மார்ச் 31 அன்று சர்வதேச நீதிமன்றம் 12-க்கு 4 என்ற பெரும்பான்மையில், ஜப்பானின் அந்த வேட்டைத் திட்டம் அறிவியல் ஆய்வு என்ற தகுதிக்குப் பொருந்தவில்லை, அதற்குக் கொடுத்த அனுமதிகளை ரத்து செய்யவேண்டும் என்றது. ஒரு பருவம் அண்டார்டிகாவில் கொலை இல்லை. பிறகு ஆண்டுக்கு 333 மிங்கி என்ற புதிய திட்டத்தோடு ஜப்பான் திரும்பி வந்தது. இந்த முறை செயற்கைக்கோள் வழியாகத் தங்கள் கப்பலை நேரத்துக்கு நேரம் கண்காணிக்கிறார்கள், நெருங்கவே முடியவில்லை என்று சொல்லி 2017-ல் சீ ஷெப்பர்ட் தென்பெருங்கடல் பயணங்களை நிறுத்திக்கொண்டது. மறியலின் உயிர் கண்டுபிடிப்பதில் இருந்தது. அது போனதும் எல்லாம் போனது.

2019 ஜூன் 30 அன்று ஜப்பான் ஆணையத்திலிருந்தே விலகி, மறுநாள் தன் சொந்தக் கடல் எல்லைக்குள் வணிக வேட்டையைத் தொடங்கியது. அண்டார்டிகா வேட்டை நின்றது. மறியல் ஜெயித்ததா என்றால், பாதி. ஆண்டுதோறும் ஏறிய செலவு, குறைந்த பிடிப்பு, ஜப்பானியரே திமிங்கல இறைச்சி சாப்பிடுவதை விட்டுக்கொண்டிருந்தது, நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் சேர்ந்து தள்ளின. எதற்கு எவ்வளவு பங்கு என்று தராசில் நிறுத்த முடியாது.

சொந்தக் கடலுக்குள் போனதும் ஆட்டம் மாறிவிடுகிறது. நார்வேயைப் பாருங்கள். அங்கே தாய்க்கப்பல் கிடையாது, சிறிய மீன்பிடிப் படகுகளே கரையோரம் மிங்கியைப் பிடித்து அங்கேயே அறுத்துக்கொள்கின்றன. பிடிக்க வாலும் இல்லை. 1994-ல் சீ ஷெப்பர்ட் கப்பல் நார்வே கடலுக்குப் போனபோது எதிரே வந்தது கடலோரக் காவல்படையின் ‘ஆண்டனெஸ்’. இரண்டும் மோதின, போராட்டக் கப்பல் சேதத்தோடு திரும்பியது.

ஐஸ்லாந்தில் மறியல் துறைமுகத்துக்கே வந்துவிட்டது. 2022 வேட்டையைக் கண்காணித்த அரசுத் துறையின் அறிக்கை, கவனித்த 58 துடுப்புத் திமிங்கலங்களில் சுமார் 4 பங்கில் 1 பங்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஹார்பூன் பாய்ச்ச வேண்டியிருந்தது என்றது. உடனே சாகாதவற்றில் ஒன்று 2 மணி நேரம் உயிரோடு இருந்தது. அரசு 2023 ஜூனில் வேட்டையைத் தற்காலிகமாக நிறுத்தியது. தடை நீங்கிய செப்டம்பரில் இரண்டு பெண்கள் விடிகாலையில் ‘ஹ்வாலுர் 8’, ‘ஹ்வாலுர் 9’ கப்பல்களின் கம்ப உச்சியில் உள்ள கண்காணிப்புக் கூண்டுகளில் ஏறி, ஒரு நாளைக்கும் மேல் இறங்காமல் இருந்தார்கள். 1986-ல் இரண்டு கப்பல்கள் மூழ்கியபோது அந்த வேட்டை நிறுவனத்திடம் மிஞ்சிய கப்பல்கள்தான் இவை. அந்த இரண்டும் பிறகு கடலுக்குப் போய் வேட்டையாடின. 2025-ல் அதே நிறுவனம் வேட்டைக்குப் போவதில்லை என்று தானே முடிவெடுத்தது. ஜப்பானில் விலை கட்டுப்படியாகவில்லை என்பது அது சொன்ன காரணம்.

ஜப்பான் 2024-ல் ‘கங்கெய் மாரு’ என்ற புதிய தாய்க்கப்பலை இறக்கி, துடுப்புத் திமிங்கலத்தையும் பட்டியலில் சேர்த்தது. அதை மறிக்கக் கிளம்பிய வாட்சன், எரிபொருள் நிரப்ப டென்மார்க்கின் ஆளுகையில் உள்ள கிரீன்லாந்தின் நூக் துறைமுகத்தில் நின்றபோது, 2010 சம்பவங்களுக்காக ஜப்பான் பிறப்பித்திருந்த பழைய வாரண்டின்பேரில் ஜூலை 21 அன்று கைதானார். 5 மாதச் சிறைக்குப் பிறகு டென்மார்க் அவரை ஒப்படைக்க மறுத்து டிசம்பர் 17 அன்று விடுவித்தது. நடுக்கடலில் நெருங்க முடியாத ஒருவரை எரிபொருளுக்காக ஒதுங்கிய இடத்தில் பிடித்துவிட முடிந்தது. ‘கங்கெய் மாரு’ அண்டார்டிகா வரை போய்வரக்கூடிய கப்பல். அங்கே போகும் திட்டம் இல்லை என்கிறது அதன் நிறுவனம். அப்படியானால் சொந்தக் கரையோர வேட்டைக்கு இவ்வளவு பெரிய கப்பல் எதற்கு என்று கேட்கிறது வாட்சன் தரப்பு. அந்தக் கப்பலிலும் திமிங்கலம் ஏறுவது பின்பக்கச் சரிவு வழியாகத்தான்.